ஐபேட் ஸ்க்ரீன் தானா மாறணும்: படிக்க ஒண்ணு, வரைய ஒண்ணு, படம் பார்க்க ஒண்ணு

படிக்கும்போது ஸ்க்ரீன் மங்கலா, கலர் இல்லாம இருந்தா நல்லாருக்கும். வரையும்போது அதே ஸ்க்ரீன் பளிச்னு, கலர் துல்லியமா இருக்கணும். வீடியோன்னா டார்க் மோட். இதுக்காக ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸ்குள்ள போய் நாலு பட்டனை மாத்திட்டு, அப்புறம் திரும்ப வந்து அதே நாலையும் பழையபடி வைக்கிறதுக்குள்ள படிக்கிற மூடே போயிடும். ஐபேட்லயே இருக்கிற ஷார்ட்கட்ஸ் ஆப் (பல வேலையை ஒண்ணா கோர்த்து வைக்கிறது) போதும், ஒரு தடவை உட்கார்ந்து செட் பண்ணிட்டா ஆப் திறந்த உடனே ஸ்க்ரீன் தானா மாறிக்கும். தனியா எந்த ஆப்பும் வாங்க வேண்டாம்.

நான் சொல்ற மெனு பேரெல்லாம் ஐபேட்ஓஎஸ் 17-லயும் அதுக்கு மேலயும் இருக்கிற மாதிரி. ஆட்டோமேஷன் (ஆப் திறந்தா ஷார்ட்கட்டைத் தானா ஓட்டறது) 2019-லயே ஐபேட்ஓஎஸ் 13.1-ல வந்துடுச்சு. ரொம்ப பழைய ஐபேட்னா முதல்ல அப்டேட் இருக்கான்னு பாத்துக்குங்க.

முதல் வேலை: தானா நடக்கிறதையெல்லாம் நிறுத்துங்க

கேட்க தலைகீழா இருக்கும், ஆனா இதைச் செய்யலைன்னா மீதி எதுவுமே ஒழுங்கா வேலை செய்யாது. ஐபேட்டுக்குள்ள ஏற்கனவே மூணு பேர் ஸ்க்ரீனை மாத்திட்டு இருக்காங்க, நீங்க நாலாவது ஆளா போய் சேர்ந்தா சண்டைதான்.

செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ் போங்க, அங்க லைட், டார்க் படத்துக்குக் கீழ ஆட்டோமேட்டிக்னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப். அதே பக்கத்துல நைட் ஷிஃப்ட் (ராத்திரி ஸ்க்ரீனை மஞ்சளாக்கிறது) உள்ள போய் ஷெட்யூல்டையும் ஆஃப். மூணாவது ஆட்டோ பிரைட்னஸ். இது டிஸ்ப்ளே பக்கத்துல இருக்கும்னு தேடித் தேடி நிறைய பேர் விட்டுடறாங்க, அது இருக்கிறது ஆக்சஸபிலிட்டி, அதுக்குள்ள டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், அதோட கடைசி வரி. அது ஆன்ல இருந்தா நீங்க ஷார்ட்கட்ல 20 சதவீதம்னு வச்சாலும் ரூம் லைட் மாறின உடனே ஐபேட் அதோட இஷ்டத்துக்கு ஏத்தி இறக்கிடும், நீங்க ஷார்ட்கட் தப்புன்னு நினைச்சு அதையே நோண்டிட்டு இருப்பீங்க.

அதே பக்கத்துல இருக்கும்போதே இன்னும் ரெண்டு வேலையை முடிச்சிடுங்க. கலர் ஃபில்டர்ஸை ஒரு தடவை ஆன் பண்ணி கிரேஸ்கேல் (கலர் இல்லாம கறுப்பு வெள்ளை) தேர்ந்தெடுத்துட்டு திரும்ப ஆஃப் பண்ணுங்க. ரெட்யூஸ் வொயிட் பாயிண்ட்டையும் ஆன் பண்ணி, ஸ்லைடரை உங்க கண்ணுக்கு இதமா இருக்கிற இடத்துல வச்சுட்டு ஆஃப் பண்ணுங்க. ஏன்னா ஷார்ட்கட்டால இதுங்களை ஆன், ஆஃப் மட்டும்தான் பண்ண முடியும், எந்த ஃபில்டர், எவ்வளவு அளவுங்கிறது இங்க வச்சதுதான்.

(வொயிட் பாயிண்ட் பத்தி ஒரு வார்த்தை. ராத்திரி பிரைட்னஸை அடி வரைக்கும் இறக்கியும் கண்ணு கூசுதுன்னா அதுக்கு மருந்து இதுதான். பளிச் வெள்ளையை மட்டுப்படுத்திடும். நைட் ஷிஃப்ட்டை விட எனக்கு இதுதான் பிடிக்கும், நைட் ஷிஃப்ட்ல எல்லாமே மஞ்சளா போயிடுது.)

ஷார்ட்கட் நாலு

ஷார்ட்கட்ஸ் ஆப்ல பிளஸ் அமுக்கி புதுசா ஒண்ணு ஆரம்பிங்க. பேர் "படிக்க". தேடற இடத்துல ஒவ்வொண்ணா தேடிச் சேருங்க: செட் அப்பியரன்ஸ், செட் பிரைட்னஸ், செட் நைட் ஷிஃப்ட், செட் ட்ரூ டோன், செட் கலர் ஃபில்டர்ஸ், செட் வொயிட் பாயிண்ட். மொத்தம் ஆறு. சில பழைய மாடல்ல ட்ரூ டோன் கிடையாது, அப்போ அஞ்சு.

இப்போ முக்கியமான விஷயம். ஆறும் எல்லா ஷார்ட்கட்லயும் இருக்கணும். "வரையறதுக்கு கிரேஸ்கேல் தேவையே இல்லையே, அதை எதுக்கு அதுல போடணும்"னு தோணும். தேவை இல்லைன்னாலும் போட்டு ஆஃப்னு வைங்க. படிச்சுட்டு நேரா வரையப் போனீங்கன்னா கிரேஸ்கேலை யாராவது அணைக்கணும்ல? ஒவ்வொரு ஷார்ட்கட்டும் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கவலைப்படாம, ஸ்க்ரீன் முழுசா எப்படி இருக்கணும்னு சொல்லிடணும்.

இதே காரணத்துக்காக டாகிள்ங்கிற வார்த்தை எங்கயும் இருக்கக் கூடாது. செட் அப்பியரன்ஸ் சேர்த்ததும் அதுல டர்ன், டாகிள்னு ரெண்டு இருக்கும். டாகிள்னா இப்போ இருக்கிறதுக்கு எதிரா மாத்தும், ஏற்கனவே டார்க்ல இருந்தா லைட்டாக்கிடும். டர்ன் மட்டும் வைங்க.

என்னோட அளவுகள் இது, உங்க ரூம் வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். படிக்க: லைட், பிரைட்னஸ் 35, கிரேஸ்கேல் ஆன், வொயிட் பாயிண்ட் ஆன், ட்ரூ டோன் ஆன், நைட் ஷிஃப்ட் ஆஃப். வரைய: லைட், பிரைட்னஸ் 80, மத்த நாலும் ஆஃப். ட்ரூ டோன் ரூம் லைட்டுக்கு ஏத்த மாதிரி வெள்ளையோட சாயலையே மாத்திடும், அது ஆன்ல இருக்கும்போது கலர் தேர்ந்தெடுத்தா வேற ஸ்க்ரீன்ல பாக்கறப்போ வேற மாதிரி தெரியும். வீடியோ: டார்க், பிரைட்னஸ் 60, ட்ரூ டோன் மட்டும் ஆன். சாதா (மத்த நேரத்துக்கு): லைட், பிரைட்னஸ் 50, இதுலயும் ட்ரூ டோன் மட்டும்.

நாலையும் முதல்லேர்ந்து கட்ட வேண்டாம், முதல் ஷார்ட்கட்டை அழுத்திப் பிடிச்சா டூப்ளிகேட் வரும், எடுத்து பேரையும் அளவையும் மட்டும் மாத்துங்க.

படிக்கிறதுக்கு ஏன் டார்க் வைக்கலைன்னா, எனக்கு தமிழ் எழுத்து கறுப்புல வெள்ளையா இருந்தா சுழியெல்லாம் கலங்கித் தெரியுது, சின்ன சைஸ்ல ன-வும் ண-வும் ஒண்ணா போயிடுது. அப்புறம் டார்க்னா பேட்டரி மிச்சம்னு ஒரு பேச்சு இருக்கு. ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ற) ஸ்க்ரீனுக்குத்தான் அது சரி, ஐபேட்ல ஓஎல்இடி வந்ததே 2024 ஐபேட் ப்ரோலதான். எல்சிடில பின்னாடி லைட் எப்பவும் எரிஞ்சுட்டுதான் இருக்கும், கறுப்பு காட்டினாலும் வெள்ளை காட்டினாலும் பெருசா வித்தியாசம் இல்ல.

ஆட்டோமேஷன், இங்கதான் எல்லாரும் மாட்றாங்க

ஷார்ட்கட்ஸ் ஆப்ல ஆட்டோமேஷன் பக்கம் போய் பிளஸ், அப்புறம் ஆப். சூஸ்னு அமுக்கினா லிஸ்ட் வரும், படிக்கிற ஆப் எல்லாத்தையும் ஒரேடியா டிக் பண்ணுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி ஆட்டோமேஷன் வேண்டாம். கீழ ரன் இமீடியட்லி தேர்ந்தெடுங்க. நோட்டிஃபை வென் ரன் ஆஃப்லயே இருக்கட்டும், இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் மேலேர்ந்து ஒரு பேனர் இறங்கும். நெக்ஸ்ட் கொடுத்து "படிக்க" ஷார்ட்கட்டை தேர்ந்தெடுத்தா முடிஞ்சது. "வரைய", "வீடியோ"வுக்கும் இதே மாதிரி ஒண்ணொண்ணு.

அதே பக்கத்துல ஈஸ் ஓப்பன்ட், ஈஸ் க்ளோஸ்ட்னு ரெண்டு டிக் இருக்கும். யாரா இருந்தாலும் முதல்ல தோணறது, திறந்தா "படிக்க", மூடினா "சாதா"ன்னு ஜோடியா வைக்கிறதுதான். நானும் அப்படித்தான் வச்சேன். ஒரே ஒரு ஆப்போட நிறுத்திக்கிட்டா அது நல்லாவே ஓடும். ரெண்டாவது ஆப் சேர்த்ததும்தான் கூத்து ஆரம்பிக்கும்.

என்ன நடக்குதுன்னா, க்ளோஸ்ட்னா ஆப்பை மேல தள்ளி மூடறது இல்ல, அந்த ஆப்பை விட்டு வெளிய வந்தாலே க்ளோஸ்ட் கணக்குதான். புக் ஆப்லேர்ந்து நேரா வரையற ஆப்புக்குத் தாவினா, புக் மூடினதுக்கான "சாதா"வும் வரையற ஆப் திறந்ததுக்கான "வரைய"வும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல கிளம்பும். எது கடைசியா முடியுதோ அதுதான் ஸ்க்ரீன்ல நிக்கும், அது எதுன்னு உங்களால உறுதியா சொல்ல முடியாது. ஒரு தடவை சரியா வரும், அடுத்த தடவை பிரைட்னஸ் ஒரு ஷார்ட்கட்டோடது, ட்ரூ டோன் இன்னொண்ணோடதுன்னு கலந்து நிக்கும். இதுக்கு மூடற ஆட்டோமேஷன்ல ரெண்டு செகண்ட் வெயிட் போட்டா சரியாயிடும்னு தோணும், அது இன்னும் மோசம், இப்போ "சாதா" எப்பவுமே கடைசியா வந்து எல்லாத்தையும் அழிச்சிடும். ஃபோகஸ் மோடை (வேலை, தூக்கம்னு நேரத்துக்கேத்த மாதிரி நோட்டிஃபிகேஷனை நிறுத்தற வசதி) அடையாளமா வச்சு, மூடும்போது "இப்போ என்ன ஃபோகஸ்"னு பாத்து முடிவு பண்ணலாம்னு ஒரு வழி இருக்கு, ஆனா ஒரு புக் ஆப்லேர்ந்து இன்னொரு புக் ஆப்புக்குப் போனா ஃபோகஸ் அதேதான், அப்போ அதுவும் ஏமாந்து "சாதா"வைப் போட்டுடும்.

அதனால நான் சொல்றது: க்ளோஸ்டைத் தொடவே தொடாதீங்க. அதுக்குப் பதிலா "சாதா"வுக்கும் ஓப்பன்ட் ஆட்டோமேஷன் ஒண்ணு வைங்க, அதுல மெயில், மெசேஜ், பிரவுசர், போட்டோஸ், செட்டிங்ஸ்னு அடிக்கடி திறக்கிறதெல்லாம் டிக் பண்ணிடுங்க. ஆக நாலு ஷார்ட்கட், நாலு ஆட்டோமேஷன், எல்லாமே திறக்கும்போது மட்டும். ஒரு நேரத்துல ஒரு ஆப்தான் திறக்கும், அதனால முட்டிக்கவே முட்டிக்காது. ஹோம் ஸ்க்ரீனுக்கு வந்தா பழைய மோடே நிக்கும், நிக்கட்டுமே, ஹோம் ஸ்க்ரீனை யாரு உட்கார்ந்து பாக்கப் போறா.

காலைல எழுந்ததும் கிரேஸ்கேல்ல முழிக்க வேண்டாம்னா டைம் ஆஃப் டே ஆட்டோமேஷன் ஒண்ணு போட்டு காலை 6 மணிக்கு "சாதா"வை ஓட்டிடுங்க.

ராத்திரிக்கு மட்டும் வேற மாதிரி வேணும்னா

"படிக்க" பகல்ல ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி வேணும்னா உள்ள ஒரு இஃப் (இப்படி இருந்தா இதைச் செய்னு சொல்ற கட்டளை) போடணும். ஃபார்மட் டேட் சேர்த்து அதுல கரண்ட் டேட் கொடுங்க, டேட் ஃபார்மட்ல கஸ்டம் போய் ஃபார்மட் ஸ்ட்ரிங்ல ஆங்கில எச் எழுத்தை ரெண்டு தடவை அடிங்க. பெரிய எச்சா இருக்கணும், சின்ன எச் போட்டா 12 மணி கணக்கு, ராத்திரி 9-ம் காலை 9-ம் ஒண்ணாயிடும். அடுத்து கெட் நம்பர்ஸ் ஃப்ரம் இன்புட். இதை விட்டுட்டா அது எழுத்தாவே நிக்கும், இஃப்ல பெருசு சிறுசு பாக்க வழி இருக்காது. அதுக்குக் கீழ இஃப், ஈஸ் பிட்வீன், 6, 18. உள்ள பகல் அளவு, அதர்வைஸ்ல ராத்திரி அளவு. நான் ராத்திரிக்கு பிரைட்னஸ் 15 மட்டும் மாத்தறேன், மத்ததை இஃபுக்கு வெளியவே வச்சுட்டேன்.

சில பேருக்கு இவ்வளவே தேவைப்படாது

ஒரு ஆப்ல எழுத்து பெருசா தெரியணும், அவ்வளவுதான் பிரச்சினைன்னா ஆட்டோமேஷனே வேண்டாம். ஆக்சஸபிலிட்டியோட அடில பெர் ஆப் செட்டிங்ஸ்னு இருக்கு, அந்த ஆப்பைச் சேர்த்து எழுத்து சைஸ், போல்ட், கான்ட்ராஸ்ட் எல்லாம் அதுக்கு மட்டும் மாத்தலாம். சாம்சங் டேப்லெட் வச்சிருக்கவங்களுக்கு இன்னும் சுலபம், மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்ல ஆப் திறந்தா இதைச் செய்னு கொடுத்தா போதும், ஆப்பை விட்டு வெளிய வந்ததும் பழைய நிலைமைக்கு அதுவே திரும்பிடும். நான் மேல புலம்பின க்ளோஸ்ட் கதை அங்க இல்ல.

அப்டேட்: கேட்டிருந்த சந்தேகங்கள்

புக் ஆப்ல டார்க் மாறலைன்னு ரெண்டு மூணு பேர். நிறைய புக் ஆப் பக்கத்துக்குன்னு தனி தீம் வச்சிருக்கும், அதுல செபியா (பழுப்பு நிறப் பக்கம்) தேர்ந்தெடுத்திருந்தா சிஸ்டம் என்ன சொன்னாலும் கேட்காது. ஆப்போட தீம் செட்டிங்ல டிவைஸ் மாதிரியே இருன்னு ஒரு ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க.

கிரேஸ்கேல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா கலரா வருதேன்னு கேட்டிருந்தாங்க. அப்படித்தான் வரும், ஃபில்டர் கண்ணுக்குக் காட்டும்போதுதான் போடப்படுது, படத்துல இல்ல.

ஸ்ப்ளிட் வியூல ரெண்டு ஆப் வச்சா ஒரு பாதி கிரேஸ்கேல், மறு பாதி கலர்னு வருமான்னா வராது. இந்த ஆறும் முழு ஸ்க்ரீனுக்கும் சேர்த்துதான்.

போன்லயும் ஐபேட்லயும் ஒரே அக்கவுண்ட் இருக்கறவங்க: ஷார்ட்கட் ஐகிளவுட் வழியா ரெண்டுலயும் வந்துடும், ஆட்டோமேஷன் வராது, அதை அந்தந்த டிவைஸ்ல தனியா போடணும்.

வீட்ல வேற யாராவது ஐபேட்டை எடுத்து "கலரே போச்சு"ன்னு பதறாம இருக்க, ஆக்சஸபிலிட்டி ஷார்ட்கட்ல கலர் ஃபில்டர்ஸைத் தேர்ந்தெடுத்து வைங்க. டாப் பட்டனை மூணு தடவை அமுக்கினா போயிடும், ஹோம் பட்டன் இருக்கிற மாடல்னா அந்தப் பட்டன்.

கடைசியா, பிரவுசர்லயே கட்டுரை படிக்கிறவங்க. ஆட்டோமேஷனுக்கு ஆப் மட்டும்தான் தெரியும், உள்ள எந்த சைட் ஓடுதுன்னு தெரியாது. "படிக்க" ஷார்ட்கட் கடைசில ஓப்பன் யூஆர்எல் போட்டு ஹோம் ஸ்க்ரீன்ல ஐகான் வச்சுக்கலாம்னு ஒருத்தர் ஐடியா கொடுத்தார், ஆனா பிரவுசர் திறந்த உடனே "சாதா" ஆட்டோமேஷன் கிளம்பி அதை அழிச்சிடும். நான் ரெண்டாவதா ஒரு பிரவுசர் போட்டு, அதை "படிக்க" லிஸ்ட்ல சேர்த்துட்டேன். நீளமான கட்டுரை லிங்க் எல்லாம் அதுலதான் திறக்கிறேன்.