லேப் கருவியின் டிரான்ஸ்ஃபார்மர் சூட்டை அளப்பது எப்படி? மூடியைத் திறக்காமலே தொடங்கலாம்

மதியம் மூன்று மணி தாண்டினால் எங்கள் பழைய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) பேஸ்லைன், அதாவது அளவு தொடங்கும் பூஜ்யக் கோடு, நகர ஆரம்பித்துவிடும். விளக்குக்கு வயசாகிவிட்டது என்று நினைத்து புற ஊதா ஒளி தரும் ட்யூட்டீரியம் விளக்கை மாற்றினேன். அது மலிவான சாமான் இல்லை. புது விளக்கிலும் அதே கதைதான். அப்புறம் ஒருநாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான் கருவியின் முதுகுப் பக்கமிருந்து லேசாக வார்னிஷ் காயும் வாடை வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வெந்துகொண்டிருந்தது, அந்தச் சூட்டில் பக்கத்திலிருந்த டிடெக்டரும் ஆம்ப்ளிஃபயரும் நிலைகொள்ளவில்லை.

இந்தச் சூட்டைக் கண்காணிக்க விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். 0.1 ஓம் வரை காட்டும் மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு போதும். ஆனால் இரும்பு கோர் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளுக்கு மட்டும்தான் இந்த முறை. தூக்கும்போது ஒரு மூலை மட்டும் கனக்கும், ஓடும்போது மெல்ல ரீங்காரமிடும் என்றால் பெரும்பாலும் அந்த ரகம். எஸ்.எம்.பி.எஸ். (கனமான இரும்பு கோர் இல்லாத ஸ்விட்ச்டு பவர் சப்ளை) போட்ட புதுக் கருவிகளில் இது வேலைக்கு ஆகாது.

சுருளே தெர்மாமீட்டர்

தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். வெளிப்பக்கம் 55 டிகிரியில் இருக்கும்போதே உள்ளே சுருள் 80-ஐத் தொட்டிருக்கலாம். அகச்சிவப்பு தெர்மாமீட்டரைப் பளபளப்பான தகட்டின் மேல் காட்டினால் அது குறைத்துத்தான் காட்டும். (கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் காட்டினால் பரவாயில்லை.)

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருளின் செம்புக் கம்பியே சொல்லும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை கிட்டத்தட்ட 0.39 சதவீதம் ஏறும். மின்தடையைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை, சூடான நிலையில் ஒருமுறை அளந்தால் சுருளின் சராசரி வெப்பநிலை கையில் வந்துவிடும்.

முதல் படி: குளிர்ந்த அளவு

ராத்திரி முழுக்க ஆஃபில் இருந்த கருவியைக் காலையில் எடுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, கருவியின் சுவிட்சை மட்டும் ஆனில் வையுங்கள். மல்டிமீட்டரை முதலில் வோல்ட் ரேஞ்சில் வைத்து, பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முனைகளுக்கு நடுவே ஏசி, டிசி இரண்டும் பூஜ்யம்தானா என்று பாருங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரில் மிச்சம் மீதி மின்சாரம் தேங்கியிருக்கலாம். பிறகு ஓம் ரேஞ்சுக்கு மாற்றி அதே இரு முனைகளில் அளவு எடுங்கள். அவற்றுக்கு நடுவே இருப்பது டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி, அதாவது சுவர் மின்சாரம் வரும் சுருள். சுருள் என்பதால் எண் நிலைக்கச் சில நொடி ஆகும். புரோப் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் வரும் 0.2, 0.3 ஓமைக் கழித்துவிடுங்கள்.

புரோபை எடுக்கும்போது விரல் உலோகத்தில் படாமல் இருக்கட்டும். சுருளில் தேங்கிய ஆற்றல் சுருக்கென்று கடிக்கும். ஆபத்தில்லை, ஆனால் கை உதறும்.

எங்கள் கருவியில் 29 டிகிரி அறையில் 18.2 ஓம் வந்தது. மீட்டர் ஓவர்லோடு (OL, இணைப்பு அறுந்திருந்தால் வருவது) காட்டினால் ஃபியூஸைப் பாருங்கள். 230 வோல்ட் ஃபேன் ஒன்று உள்ளே பிரைமரியோடு இணையாக இருந்தால், அதன் சுருளும் அளவில் கலந்துவிடும். அப்போது இந்த முறையில் வரும் எண் தோராயம்தான்.

இரண்டாம் படி: சூடான அளவு

எல்லா விளக்கும் எரிய, வழக்கமான வேலையோடு இரண்டு மூன்று மணி நேரம் ஓடட்டும். சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, மறுபடி வோல்ட் சோதனை, உடனே ஓம். இங்கே வேகம் முக்கியம், சுருள் ஆறிக்கொண்டே போகும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து அளவு எடுத்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, கோட்டைப் பின்னால் இழுத்து அணைத்த நொடிக்குக் கொண்டு போங்கள். எனக்கு 21.6 ஓம் வந்தது.

கணக்கு: சூடான ஓமைக் குளிர்ந்த ஓமால் வகுக்கவும். அதைக் குளிர்ந்த வெப்பநிலையோடு 234.5 கூட்டிய எண்ணால் பெருக்கி, 234.5-ஐக் கழிக்கவும். செம்புக்கு இந்த 234.5 மாறாது.

21.6 ÷ 18.2 = 1.187
1.187 × (29 + 234.5) = 312.7
312.7 − 234.5 = 78.2 டிகிரி

0.1 ஓம் பிசகினால் ஒன்றரை டிகிரி தள்ளும். அதனால்தான் புரோப் தடையைக் கழிக்கச் சொன்னேன்.

இது அதிகமா?

டிரான்ஸ்ஃபார்மரின் லேபிளில் இன்சுலேஷன் வகுப்பு எழுதியிருக்கும். ஏ என்றால் 105 டிகிரி, ஈ என்றால் 120, பி என்றால் 130 வரை தாங்கும். நாம் கண்டது சராசரி. சுருளின் நடுவே இன்னும் பத்து டிகிரி கூட இருக்கலாம். லேபிள் இல்லாவிட்டால் ஏ என்றே வைத்துக்கொள்வது நல்லது. பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு.

ஆனால் நான் நோட்டில் பெரிதாக எழுதுவது இந்த 78-ஐ அல்ல. அன்று மாலை அறை 31 டிகிரி. ஆக, அறைக்கு மேல் ஏற்றம் 47. மே மாதத்தில் சுருள் சூடாவது இயல்பு. ஏற்றம் கூடினால்தான் கருவியில் ஏதோ கோளாறு. மார்கழியிலும் சித்திரையிலும் ஏற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் கவலையில்லை.

மூன்றாம் படி: தினசரிக் காவல்

தினமும் பிளக்கை உருவ முடியாது. வாரன்டி முடிந்த கருவி என்றால் மட்டும் திறந்து, பேட்டரியில் ஓடும் மீட்டரோடு ஒரு கே டைப் தெர்மோகப்பிளை (வெப்பநிலை உணரும் வயர்) வையுங்கள். மின்சாரம் துண்டித்துக் கெப்பாசிட்டர்கள் இறங்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். ட்யூட்டீரியம் விளக்கின் சப்ளையில் தேங்கிய மின்சாரம் எளிதில் இறங்காது. முனையைச் சுருளின் வெளி இன்சுலேஷன் மேல், சூடு தாங்கும் பாலிஇமைடு டேப்பால் ஒட்டுங்கள். செலோ டேப் ஒரே வாரத்தில் உருகி வழியும். இன்சுலேஷனைக் கிழித்து உள்ளே செருகவே கூடாது. வயர் பிரைமரி முனைகள் பக்கம் போகாமல் வரட்டும்.

யு.எஸ்.பி. வழியாக ஆர்டுயினோ (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) போட்டுக் கம்ப்யூட்டரில் பதியலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். இன்சுலேஷன் ஒருநாள் பழுதானால் 230 வோல்ட் அந்த வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கே வந்துவிடும். தொடக்கத்தில் வேண்டாம்.

இன்னொரு தெர்மாமீட்டர் காற்று உள்ளே போகும் துளைக்கு அருகில். காலை, மதியம், மாலை இரண்டையும் எழுதி, வித்தியாசத்தைத் தனிக் கட்டத்தில் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

ஏற்றம் கூடினால்

எங்கள் கருவியில் காரணம் சாதாரணமானது. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. ஃபேன் வடிகட்டியில் சாம்பல் நிறப் போர்வை மாதிரி தூசு. ஒரு சாண் இடம்விட்டு, வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் போட்ட பிறகு மறுபடி அளந்தேன்: 20.9 ஓம், அதாவது 68 டிகிரி. பேஸ்லைனும் அடங்கிவிட்டது.

அது உதவாவிட்டால் லைன் வோல்டேஜைப் பாருங்கள். பின்னால் உள்ள செலக்டர் 220-இல் இருக்க, சுவரில் 245 வந்துகொண்டிருக்கலாம். 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த இறக்குமதிக் கருவி நம் 50 ஹெர்ட்ஸில் ஓடினாலும் கோர் நிறைவடைந்து (இனி காந்தப்புலம் ஏற்க முடியாமல்) சூடேறும்.

கடைசிச் சோதனையை சர்வீஸ் இன்ஜினியரிடம் விடுங்கள்: செகண்டரி (கருவிக்கு மின்சாரம் தரும் சுருள்) இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் டிரான்ஸ்ஃபார்மரை ஒரு மணி நேரம் ஓடவிடுவது. சுமையே இல்லாமலும் கொதித்தால், சுருளில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. புது டிரான்ஸ்ஃபார்மர் அல்லது மறு வைண்டிங்தான். உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது என்பதற்காக ஒரு துண்டுக் கம்பியால் குறுக்கே இணைத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கருவியை அவர் கையில் கொடுக்காதீர்கள்.