ஃப்ளோரிடா கல்லூரி மேட்ச் டிக்கெட்டுக்கு விற்பனை வரி உண்டா? பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே ஃப்ளோரிடா விதி மட்டும். அந்த மாநிலத்தில் நுழைவுச்சீட்டுக்கு 6% வரி. மேட்ச் நடக்கும் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) கூடுதல் வரி இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

படி 1: மேட்சை நடத்துவது யார் என்று பாருங்கள். பள்ளி, சமுதாயக் கல்லூரி, தனியார் பல்கலைக்கழகம் என்றால் விலக்கு கிடைக்க வழி உண்டு. மயாமி பல்கலைக்கழகம் தனியார். அது இந்த வகை. கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுப் போட்டிகளுக்கு இந்த விலக்கே கிடையாது. 'அரசு நிறுவனம்தானே, வரி இருக்காது' என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆனால் அப்படி வசூலாகும் வரியை அந்தப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு பெண்கள் விளையாட்டுக்குச் செலவிட வேண்டும் என்கிறது சட்டம். நல்ல ஏற்பாடுதான்.

படி 2: களத்தில் இறங்குவது யார்? மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டுமே என்றால்தான் விலக்கு. தொழில்முறை அணிகளைக் கூப்பிட்டுக் கண்காட்சி ஆட்டம் வைத்தால், நடத்துவது கல்லூரியே ஆனாலும் வரி போட்டாக வேண்டும்.

படி 3: தேசியக் கல்லூரித் தொடரின் அரையிறுதியா, இறுதியா? இவற்றுக்குத் தனி விலக்கு இருக்கிறது. முந்தைய சுற்றுகளுக்கு இதை நீட்டக் கூடாது.

படி 4: வரி உண்டு என்று முடிவானால் கணக்கு. கவுன்ட்டி வரி 1% என்று வைத்தால் மொத்தம் 7%. 'வரி உட்பட 40 டாலர்' என்று விற்ற டிக்கெட்டில், 40-ஐ 1.07-ஆல் வகுங்கள்: விலை 37.38, வரி 2.62. நேராக 40-க்கு 7% போட்டால் 2.80 வரும், டிக்கெட்டுக்கு 18 சென்ட் கைநஷ்டம். ஆயிரம் டிக்கெட்டுக்கு அது 180 டாலர். டிக்கெட்டிலேயே விலையையும் வரியையும் தனித்தனியாக அச்சிட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

படி 5: கையில் டிஆர்-14 சான்றிதழ் இருக்கிறதா? அது நிறுவனம் பொருள் வாங்கும்போது வரி கட்டாமலிருக்கத் தரப்படுவது, விற்கும்போது செல்லாது. வரிக்குட்பட்ட டிக்கெட் விற்க, மாநில வருவாய்த் துறையில் விற்பனையாளராகத் தனியே பதிய வேண்டும். கணக்கைத் தாக்கல் செய்யும் படிவம் டிஆர்-15.

வாசலில் விற்கும் டீ-ஷர்ட்டை டிக்கெட் கணக்கோடு கலக்காதீர்கள். டிக்கெட்டுக்கு விலக்கு இருந்தாலும் டீ-ஷர்ட்டுக்கு அது ஒட்டாது.