முன்னாள் வீரர் பிசியோதெரபிஸ்ட் ஆகும்போது இடறுகிற இடங்கள்

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் ஓடியவர்கள், கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடித்தவர்கள், கோயில் கொடைக் கபடியில் ரைடு போனவர்கள் எனப் பலரும் பிசியோதெரபி படிக்க வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் மூத்தவர்கள் இடறிய அதே கல்லில்தான் இவர்களும் இடறுகிறார்கள். நேரத்துக்கு வருவது, கேஸ் ஷீட் எழுதுவது எல்லாம் சொல்லாமலே தெரியும், விட்டுவிடலாம்.

"எனக்கு அஞ்சு மாசத்துல சரியாயிட்டு"

தானும் காயம்பட்டுத் தேறிய சிகிச்சையாளர் சொல்லும் இந்த ஒரு வாக்கியம் கெடுத்த முழங்கால்கள் அதிகம். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற லிகமென்ட் அறுந்து, அறுவை முடிந்து ஐந்தாம் மாதம் ஒரு கபடிக்காரர் வருவார். வீக்கம் இல்லை, வலி இல்லை. பொங்கல் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும். "அண்ணாச்சி, ரைடு போகல. கார்னர்ல மட்டும் நிக்கேன்" என்பார். தன் பழைய காயத்தை நினைத்துக்கொண்டு சிகிச்சையாளரும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் எரிச்சலாக இருக்கிறது.

கார்னர் என்ன, சும்மா நிற்கிற இடமா? ரைடரின் கணுக்காலைப் பிடித்தவன் பாதத்தை மண்ணில் ஊன்றியிருப்பான். ரைடர் இழுக்கையில் உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. முறுக்கு முழுவதையும் முழங்கால்தான் வாங்கும்.

அறுவையில் வைத்த ஒட்டு, பெரும்பாலும் தொடையின் பின்பக்கத் தசைநாண், எலும்பில் பிடித்து, ரத்த ஓட்டம் பெற்று, லிகமென்டாக மாறப் பல மாதம் எடுக்கும். இடையில் சில வாரங்கள், வைத்த அன்று இருந்த பலம்கூட அதற்கு இருக்காது. வலி இதைக் காட்டிக்கொடுக்காது. 2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வில், களம் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் சுமார் 51 சதவீதம் குறைந்தது.

ஒன்பது மாதம் ஆனதும் அனுப்பிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. அளக்கிற டேப்பை எடுங்கள். ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் இருபுறமும் மாறிமாறி மூன்று தாவல், 6 மீட்டரைத் தாவிக் கடக்கும் நேரம். ஒரு ஒத்திகை, பிறகு இரண்டு அளவு, சராசரி. நல்ல கால் 150 செ.மீ. தாவினால் மற்றது 135 செ.மீ.யாவது தாவ வேண்டும், அதாவது 90 சதவீதம். இதிலும் ஏமாறலாம். தொடையின் முன்தசை நலிந்திருந்தாலும் இடுப்பையும் கணுக்காலையும் வைத்துத் தூரத்தைச் சமாளித்துவிடுவார்கள். அதனால் முழங்காலை நீட்டும் பலத்தைத் தனியே அளக்க வேண்டும். தரையிறங்கும்போது முட்டி உள்ளே சாய்கிறதா என்றும் பாருங்கள். படுத்துக் கிடந்த மாதங்களில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் 90 சதவீதம் எளிதாக வந்துவிடும். அறுவைக்கு முன்பே அதை அளந்து எழுதி வைத்தவர் தப்பித்தார்.

உருவிவிடுவது

தொடையில் முட்டி இடித்து ரத்தம் கட்டியிருக்கிறது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் உள்ளே கசிவு கூடும், சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளரும். மூன்று நான்கு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். முதல் நாள் முட்டியை நன்றாக மடக்கிக் கட்டுப் போட்டு வையுங்கள், உருவ வேண்டாம். களத்தில் நமக்கு யாரோ உருவிவிட்டது சுகமாக இருந்தது என்பதெல்லாம் காரணமாகாது.

டேப்பிங் சான்றிதழ்

தோலில் பட்டை ஒட்டி மூட்டைத் தாங்கவைக்கிற டேப்பிங்குக்குச் சான்றிதழ் வாங்க ஓட வேண்டாம், முதலில் பரிசோதிக்கப் படியுங்கள்.

"ஸ்போர்ட்ஸ் கேஸ் மட்டும் போதும்"

நம் பக்கத்துக் கிளினிக்குக்குப் பீடி சுற்றிக் கழுத்து பிடித்துக்கொண்ட அக்காமாரும், பக்கவாதம் வந்த பெரியவர்களும் வருவார்கள். நரம்பியல், இதய வார்டு போஸ்டிங்குகளில் ஒப்பேற்றியவர் அங்கே திணறுவார். வீரர்களிடமும் அந்தப் படிப்பு தேவைப்படும். பதினைந்து வயது ஓட்டக்காரப் பையனுக்கு முழங்காலுக்கு மேலே வீக்கம், அடிபட்ட ஞாபகமே இல்லை, ராத்திரி வலியில் தூக்கம் கலைகிறது என்றால் அதை 'ஓடின வலி' என்று எழுதிவிடாதீர்கள். எலும்புப் புற்று அந்த வயதில் அந்த இடத்தில்தான் அதிகம் வருகிறது. பயிற்சியை நிறுத்தி, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள்.