அஷிகாகா மலர்ப் பூங்கா: எந்த மாதம், எந்தப் பூ, எப்படிப் போவது?

பூ பார்க்க ஜப்பான் போகிறவர்கள் பெரும்பாலும் சகுரா எனும் செர்ரிப் பூவைத்தான் குறி வைக்கிறார்கள். அது மலர்ந்து உதிர ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். நடுவில் ஒரு மழை அடித்தால் அதுவும் போச்சு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு இடம்: டோக்கியோவுக்கு வடக்கே, டொச்சிகி மாநிலத்தில் இருக்கும் அஷிகாகா மலர்ப் பூங்கா. ஆண்டை நான்கு பருவமாக இல்லாமல் எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூக்களை வைத்து நடத்துகிறார்கள். அதனால் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒன்று மலர்ந்திருக்கும்.

படி 1: முதலில் பூவை முடிவு செய்யுங்கள்

இந்தப் பூங்காவின் பெயரைக் காப்பாற்றுவது விஸ்டீரியா கொடி. ஜப்பானியர் ஃபுஜி என்பார்கள். அவரைக் குடும்பம்தான். நம்மூர் சரக்கொன்றையை ஊதா நிறத்தில், பந்தல் முழுக்கத் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை இதன் காலம். ஆனால் எல்லா நிறமும் ஒரே நாளில் பூக்காது. முதலில் இளஞ்சிவப்பு, பிறகு ஊதா, அப்புறம் வெள்ளை, கடைசியாக மஞ்சள்; அது மட்டும் விஸ்டீரியா அல்ல, அதைப் போலவே தொங்கும் லேபர்னம் என்ற வேறு செடி. 80 மீட்டர் நீள வெள்ளைச் சுரங்கப் பந்தலைப் பார்க்க வேண்டுமென்றால் மே முதல் வாரம் பொதுவாகப் பொருத்தம். ஊதா போதுமென்றால் ஏப்ரல் கடைசி. வெயில் முந்தினால் எல்லாமே சில நாள் முந்திவிடும்.

நடுவில் நிற்கும் பெரிய கொடிக்கு வயது 160-க்கு மேல். அது இங்கேயே வளர்ந்தது அல்ல. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த பழைய தோட்டத்திலிருந்து 1996-இல் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். விஸ்டீரியாவின் தண்டு மென்மையானது. காயம் பட்டால் அங்கிருந்தே அழுகத் தொடங்கும். இவ்வளவு பெரிய கொடியை இடம் மாற்ற முடியாது என்று பலர் கைவிரித்த வேலையை ஏற்றுக்கொண்டவர் ட்சுகமோட்டோ கோனமி. மரங்களுக்கு வைத்தியம் பார்க்கும் உரிமம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர். எலும்பு முறிந்த மனிதர்களுக்குப் போடும் மாவுக்கட்டையே தண்டுக்கும் போட்டுப் பாதுகாத்து ஏற்றி வந்தார். இன்று அதன் பந்தல் சுமார் 1,000 சதுர மீட்டர். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இந்தக் கதை தெரிந்திருந்தால், பூவை விட்டுவிட்டுத் தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் போக வாய்ப்பில்லையா? கவலை வேண்டாம். மே பிற்பாதியில் ரோஜா. ஜூனில் ஐரிஸும் ஹைட்ராஞ்சியாவும். அது மழைக்காலம், குடை கட்டாயம். ஆனால் ஹைட்ராஞ்சியா நனைந்தால்தான் அழகு. ஜூலை முதல் செப்டம்பர் வரை அல்லி. பகலில் மலர்வதும் இரவில் மலர்வதும் என இரண்டு வகை உண்டு என்பதால் காலையில் சீக்கிரம் போனால் இரண்டையும் பார்த்துவிடலாம். அந்தச் சமயத்து வெயிலைக் குறைத்து எடை போடாதீர்கள். ஜப்பானிலேயே கடுமையாகக் காயும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அக்டோபர், நவம்பரில் ஊதா சேஜ் செடிகள். ஜனவரி, பிப்ரவரியில் வைக்கோல் கூரைக்கடியில் குளிர்காலப் பியோனி. மார்ச்சில் டியூலிப் வரத் தொடங்கும். டியூலிப்புக்காக மட்டும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

படி 2: நுழைவுக் கட்டணத்தைக் கவனியுங்கள்

இங்கே கட்டணம் நிலையானது அல்ல. பூ எந்த அளவுக்கு மலர்ந்திருக்கிறது என்பதை வைத்து மாற்றுகிறார்கள். பூ குறைந்த நாட்களில் சில நூறு யென். விஸ்டீரியா உச்சத்தில் 2,000 யென்னைத் தாண்டும். விலை ஏறியிருந்தால் எரிச்சல் வேண்டாம், பூ நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பூங்காவின் இணையதளத்தில் மலர் நிலவரத்தையும் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். திறக்கும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானின் கோல்டன் வீக் விடுமுறை. கூட்டம் நெரியும். வேறு நாள் கிடைக்காவிட்டால் திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள்.

படி 3: ரயில்

டோக்கியோ நிலையத்தில் தொஹோகு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஏறி ஒயாமாவில் இறங்குங்கள். சுமார் 40 நிமிடம். எல்லா ஷின்கான்சென்னும் ஒயாமாவில் நிற்காது, ஏறுமுன் பலகையைப் பாருங்கள். செலவைக் குறைக்க நினைத்தால் உட்சுனோமியா லைனின் சாதாரண ரயிலிலும் ஒயாமா போகலாம், நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அங்கிருந்து ரியோமோ லைனில் மாறி, 'அஷிகாகா ஃபிளவர் பார்க்' நிலையத்தில் இறங்க வேண்டும். 2018 ஏப்ரலில் இந்தப் பூங்காவுக்கென்றே திறந்த நிலையம் அது. இறங்கி மூன்று நிமிட நடை. அடுத்த நிலையமான அஷிகாகா வேறு இடம், அங்கே இறங்கிவிடாதீர்கள்.

ரியோமோ லைன் ரயிலில் கதவு தானாகத் திறக்காமல் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒயாமாவிலேயே பழம், பிரெட் என்று எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொள்வது நல்லது. ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பில் காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில் பெரும்பாலும் மீன் சாறுதான் இருக்கும். பூங்காவில் விற்கும் விஸ்டீரியா ஐஸ்கிரீமை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 4: உள்ளே போனதும்

நுழைந்தவுடன் கடைகளில் நிற்காமல் நேரே பெரிய ஊதாப் பந்தலுக்குப் போங்கள். கூட்டம் சேருமுன் கிடைக்கும் அரை மணி நேரம் அங்கேதான் செலவாக வேண்டும். பிறகு வெள்ளைச் சுரங்கம், மஞ்சள் சுரங்கம் என்று மெதுவாகச் சுற்றலாம். பந்தலடியில் பெரிய கருவண்டுகள் ரீங்காரமிடும். அவை பூவைத் தேடி வந்தவை, நாம் கைவீசாத வரை நம்மைக் கண்டுகொள்ளாது.

விஸ்டீரியா காலத்தில் பொழுது சாய்ந்ததும் பந்தல்களுக்கு விளக்குப் போடுவார்கள். பகலில் வந்து இருட்டும்வரை இருப்பதுதான் சரியான திட்டம். அக்டோபர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை கதை வேறு: 50 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விளக்குகளால் தோட்டத்தையே நிரப்புவார்கள், பூவில்லாத கொடியில் விளக்குச் சரங்கள் பூவாகத் தொங்கும். அதற்குப் பிற்பகலில் கிளம்பினால் போதும். கையுறையும் தடித்த காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: திரும்புதல்

ரியோமோ லைனில் டோக்கியோவைப் போல அடிக்கடி ரயில் கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் அரை மணியோ ஒரு மணியோ காத்திருக்க நேரும். காலையில் வந்து இறங்கியதுமே நிலையத்தின் கால அட்டவணையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி வாசலை விட்டு வெளியே வாருங்கள்.