யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறது? மின்காரின் உண்மையான தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்

முப்பது ஆண்டுகள் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்தேன். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் யூனிட் எழுதுவதுதான் வேலை. இன்று என் மின்காரிலும் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. அதில் எழுதியிருப்பதை மட்டுமே நம்பி வண்டி எடுக்கிறேன்.

கார் வாங்கிய முதல் மாதம் அட்டை இல்லை. ஒரு முழு சார்ஜில் 430 கிலோமீட்டர் என்று விளம்பரம் சொன்னது. கோவையிலிருந்து சேலத்துக்கு 160 கிலோமீட்டர்தானே, போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும் என்று தங்கை குடும்பத்தோடு கிளம்பினேன். திரும்பும் வழியில் பவானி தாண்டுவதற்குள் பேட்டரி 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. பின் இருக்கையில் இருந்த மருமகள், “மாமா, வீடு வரைக்கும் போகுமா?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஏசியை அணைத்து, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒரு சார்ஜிங் நிலையத்தைத் தேடிப் பிடித்தோம். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த நிலை யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் வண்டி வாங்கினால் ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?’ என்று கேட்கிறோம். மின்காருக்கும் அதே கேள்விதான்: யூனிட்டுக்கு எவ்வளவு? பேட்டரியின் கிலோவாட்-மணி என்பது கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். என் காரின் பேட்டரி 40 யூனிட். விளம்பரக் கணக்குப்படி யூனிட்டுக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அப்படி ஓடாததற்குக் காரணம், அந்தச் சோதனை நடக்கும் விதம். நம் நாட்டில் எம்.ஐ.டி.சி. என்ற முறையில், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கிறார்கள். வேகம் 90ஐத் தாண்டாது, பெரும்பகுதி அதைவிட மிக மெதுவு. ஏசி ஓடாது. நிறுவனங்களுக்கும் இந்த இடைவெளி தெரியும். டாடா 2024இல் கர்வ் மின்காரை வெளியிட்டபோது, 55 யூனிட் பேட்டரிக்குச் சோதனைத் தூரம் 585 என்றும், பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு நடைமுறையில் 400 முதல் 425 வரை கிடைக்கும் என்றும் இரண்டையுமே சொன்னது. வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் அட்டை. கிளம்பும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, பேட்டரி விழுக்காட்டைக் குறியுங்கள். ஒரே மாதிரியான சாலையில் 50 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி குறியுங்கள். 80இல் கிளம்பி 50இல் நிறுத்தினால் செலவு 30 விழுக்காடு. 40 யூனிட்டில் அது 12 யூனிட். 72 கிலோமீட்டர் ஓடியிருந்தால் யூனிட்டுக்கு 6. வீட்டு மீட்டரைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போதே பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும் என்பதால் வீட்டு மீட்டர் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும்.

என் அட்டையில் மூன்று வரிகள். சிங்காநல்லூர்–காந்திபுரம் நகர ஓட்டம், ஏசியுடன்: 7.8. நெடுஞ்சாலையில் 80 வேகம்: 7.2. அதே சாலையில் 100: 5.8. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக (வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய கணக்கில்) ஏறுவதால், 80க்கும் 100க்கும் இடையில் அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஏசியைப் பற்றிப் பலர் நெடுஞ்சாலையில் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அது நகரத்தில்தான் அதிகம் தின்கிறது. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், 80 வேகத்தில் அந்த ஒரு யூனிட் 80 கிலோமீட்டருக்குப் பரவுகிறது. நெரிசலில் 20 கிலோமீட்டருக்கே போய்விடுகிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் காற்று மேற்கிலிருந்து வரும் நாளில், வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகும்போது எனக்கு 6.1, அன்று மாலையே அதே வேகத்தில் திரும்பும்போது 8. போகும் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், இரு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள்.

அடுத்து, முழு பேட்டரியையும் கணக்கில் சேர்க்காதீர்கள். விரைவு சார்ஜரில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம் மந்தமாகிவிடும். 15க்குக் கீழே இறங்க நான் விடுவதில்லை. ஆக, வழியில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே என் கையில் இருப்பது 65 விழுக்காடு, அதாவது 26 யூனிட். யூனிட்டுக்கு 6 என்றால் 156 கிலோமீட்டர். விளம்பரத்தின் 430 எங்கே, இந்த 156 எங்கே! ஆனால் இந்த எண் என்னை ஒரு முறைகூடக் கைவிட்டதில்லை.

மலைக்குத் தனிக் கணக்கு. ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 1,800 கிலோ உள்ள கார், 100 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய அரை யூனிட் தேவை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஏற்றத்துக்கு மட்டும் ஒன்பதரை யூனிட், ஐம்பது கிலோமீட்டர் சாலைக்கு இன்னொரு ஆறு யூனிட். பதினைந்தரை என்று எழுதிக்கொண்டு ஏறினேன். மேலே போனதும் பார்த்தால் 41 விழுக்காடு, அதாவது பதினாறு யூனிட்டுக்குச் சற்று மேல், செலவாகியிருந்தது.

இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் ஆக்கித் திருப்பிக் கொடுக்கும். மேட்டுப்பாளையம் வந்தபோது எனக்கு 8 விழுக்காடு கூடியிருந்தது. ஊட்டியில் 100 வரை சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் இதை வாங்கிவைக்கப் பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டாரின் பிடிப்பும் குறைந்து, பிரேக்குக்கு வேலை கூடும். அதனால் 85இல் நிறுத்திவிடுங்கள். அடிவாரத்தில் டேஷ்போர்டு காட்டும் தூரத்தை மட்டும் நம்ப வேண்டாம். இறக்கத்தில் ஓடியதை வைத்து அது தாராளமாகச் சொல்லும். விழுக்காட்டைப் பாருங்கள், அதை யூனிட்டாக்குங்கள், அட்டையில் உள்ள சமவெளி எண்ணால் பெருக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.