கடைசி ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுங்கள்: ட்விலைட் இம்பீரியம் ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை 11 மணிக்கு உட்கார்ந்தோம். இரவு 9 மணிக்கு ஆறு பேரில் மூன்று பேர் 8 புள்ளியில் நின்றோம். 10 எடுத்தால் வெற்றி. ட்விலைட் இம்பீரியம் என்ற விண்வெளிப் பலகை விளையாட்டில் இதைவிடச் சுவையான கட்டம் கிடையாது. ஆனால் மேசையில் யாருக்கும் தெம்பு இல்லை. "யாராவது ஜெயிச்சு முடிங்கப்பா" என்றான் ஒரு நண்பன். வென்றவன் முகத்திலும் களைப்புதான் தெரிந்தது.

அந்த இரவை நினைத்து நான் நிறைய வருந்தியிருக்கிறேன். கடைசி ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்த ஆட்டத்தையே ஆடுகிறோம். அந்த நேரத்தைத் தின்ற தவறுகளெல்லாம் காலையிலும் மதியத்திலும் நடந்தவை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. முதல் பதிப்பு 1997-ல் வந்தது. இப்போது பரவலாக ஆடப்படும் நான்காம் பதிப்பு 2017-ல். 3 முதல் 6 பேர் ஆடலாம், 17 விண்வெளி இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பெட்டியில் 4 முதல் 8 மணி நேரம் என்று போட்டிருக்கும். அது விதி தெரிந்தவர்களுக்கான கணக்கு. புதியவர்கள் மூன்று பேர் இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்குத் தொடங்குவதை மறந்துவிடுங்கள். புள்ளிப் பலகையின் ஒரு பக்கம் 10 வரையும் மறுபக்கம் 14 வரையும் இருக்கும். முதல் சில ஆட்டங்களுக்கு 14 வேண்டவே வேண்டாம்.

விதியை மேசையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பது பலரும் செய்யும் தவறு. பெட்டியில் இரண்டு புத்தகங்கள் உண்டு: ஒன்று கற்றுக்கொள்ள, இன்னொன்று சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க. முதலாவதை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது கப்பல்களின் வலிமையிலிருந்து தொடங்காமல், எப்படி வெல்வது என்பதிலிருந்து தொடங்குங்கள். புதியவருக்கு சோல் கூட்டமைப்பு போன்ற எளிய இனம் கொடுங்கள். நெக்ரோ வைரஸ் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் சொந்தமாகத் தொழில்நுட்பம் ஆராய முடியாது, எல்லா இனங்களும் கூடித் தீர்மானம் போடும் சபையில் வாக்களிக்க முடியாது. முதல் ஆட்டத்தில் அதைக் கையில் வாங்கியவர் மற்றவர்கள் செய்வதில் பாதியைக் கற்கவே மாட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இதைப் போர் விளையாட்டு என்று எண்ணுவது. தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். எதிராளியின் காயை ஒருமுறையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம் என்று பல ஊர்களில் வழக்கம் உண்டல்லவா? அந்தப் பழக்கம் கையிலேயே இருக்கிறது. எதிரே பிளாஸ்டிக் கப்பல்கள் வரிசை கட்டி நின்றால் கை துறுதுறுக்கும். ஆனால் இங்கே வெட்டியதற்காக மட்டும் பெரும்பாலும் புள்ளி கிடையாது. பொது இலக்குகள், ரகசிய இலக்குகள் என்று இருக்கின்றன. அவற்றை நிறைவேற்றினால்தான் புள்ளி. ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு பொது இலக்கும் ஒரு ரகசிய இலக்கும் மட்டுமே எழுதிக்கொள்ளலாம். ஒரு சுற்றைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு போனதுதான். அதுபோக, நீங்கள் ஆட்டத்தைத் தொடங்கிய சொந்த மண்டலத்தின் எல்லாக் கோள்களும் உங்கள் வசம் இல்லையென்றால் பொது இலக்கில் புள்ளியே எடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் மூன்று சுற்று அடித்துக்கொண்டால், எதிர்மூலையில் அமைதியாக இருக்கும் மூன்றாமவர் வென்றுவிடுவார். பலமுறை பார்த்துவிட்டேன்.

இதோடு சேர்ந்தது கட்டளை டோக்கன், அதாவது கப்பலை நகர்த்துவது போன்ற செயல்களுக்குச் செலவழிக்கும் வில்லை. தொடக்கத்தில் 8 கையில் இருக்கும்: செயலுக்கு 3, கப்பற்படைக்கு 3, வியூகத்துக்கு 2. சுற்று முடிவில் வழக்கமாகக் கிடைப்பது இரண்டே இரண்டு. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, மற்றவர்கள் ஆடுவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் புதியவரைவிடப் பாவமானவர் மேசையில் இல்லை. அவருக்கு இதை முன்கூட்டியே சொல்வது அழைத்தவரின் கடமை.

அடுத்தது பேரம். நட்பு கசப்பது இங்கேதான். உடனே நிறைவேற்றக்கூடிய பேரத்தை மட்டுமே விதி கட்டுப்படுத்தும். "அடுத்த சுற்றில் உன் பக்கம் வரமாட்டேன்" என்பது வெறும் வாக்கு; மீறலாம். இது தெரியாமல் ஆடியவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார், வீட்டுக்குப் போன பிறகும் அது ஆறாது. காய் அடுக்கும் முன்பே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தைச் சிறிதாக நினைக்காதீர்கள். மதியம் முழு பிரியாணி என்றால் 3 மணிக்கு இரண்டு பேர் கண் சொருகுவார்கள். பஜ்ஜி எண்ணெய் பட்ட அட்டையைப் பின்பக்கம் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம். தனி மேசையில் லேசான சாப்பாடு போதும். பலகையின் நடுவில் இருக்கும் மெக்கட்டோல் ரெக்ஸ் கோளில் யாராவது முதலில் இறங்கிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சபை கூடி இரண்டு தீர்மானங்கள் மீது வாக்கெடுப்பு நடக்கும். முதல் சபை கூடும் முன் இடைவேளை விட்டால் கச்சிதமாக இருக்கும்.

தன் முறை வந்த பிறகு யோசிக்கத் தொடங்குவதும் நேரத்தை விழுங்கும். ஒருவர் இரண்டு நிமிடம் எடுத்தால் ஆறு பேருக்குப் பன்னிரண்டு. மற்றவர் ஆடும்போதே அடுத்த அடியைத் தீர்மானித்து வைக்கலாம். ஆனால் கையில் போன் இருந்தால் அது நடக்காது.

கடைசிச் சுற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எடுக்கும் வியூக அட்டைகளுக்கு 1 முதல் 8 வரை எண் உண்டு. சுற்று முடிவில் சிறிய எண் வைத்திருப்பவர் முதலில் புள்ளி எடுப்பார். இருவரும் ஒரே சுற்றில் 10-ஐத் தொட முடியும் என்றால், 1-ஆம் எண் அட்டையை எடுத்தவர் முந்திவிடுவார். 8-ஆம் எண் அட்டை வைத்திருப்பவரோ சுற்று முடியும்வரை காத்திருக்கவே வேண்டாம். தன் முறையிலேயே ஒரு பொது இலக்குக்குப் புள்ளி எடுத்துவிடலாம். இது தெரியாத ஒருவர் அசதியில் ஏதோ ஓர் அட்டையை எடுக்கும்போது, பத்து மணி நேர ஆட்டத்தின் முடிவு அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது யாராவது 8 புள்ளியைத் தொட்டதும் பத்து நிமிடம் நிறுத்துகிறோம். டீ வரும். யாரால் எந்தப் பொது இலக்கை எடுக்க முடியும் என்று சத்தமாக ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அதன் பிறகுதான் வியூக அட்டைகளை மேசையில் விரிப்போம்.