கார் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொதப்பும் இடங்கள்

முதல் தவறு வாயில்தான் தொடங்குகிறது. கிளெய்ம் பதிவானதும் கம்பெனியிலிருந்து போன் வரும். "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்பார்கள். நாமும் வழக்கம்போல "நல்லா இருக்கேங்க, ஒண்ணும் இல்லை" என்போம். அந்த அழைப்பு பெரும்பாலும் பதிவாகிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து இடிபட்டவர்களுக்குக் கழுத்து வலி பல சமயம் மறுநாள்தான் தலைகாட்டும். அப்புறம் சிகிச்சைச் செலவைக் கேட்டால், அன்றைக்குச் சொன்னதையே எடுத்து நீட்டுவார்கள். "இன்னும் டாக்டரிடம் காட்டவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொண்டால் வம்பே இல்லை.

வேகத்தைப் பற்றிக் கேட்டால் குத்துமதிப்பாக ஒரு எண்ணை அவிழ்த்துவிடாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது, அவ்வளவுதான். குறைத்துச் சொல்வது அதைவிட மோசம். இன்றைய பல கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கணினியே மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தையும், பிரேக் மிதித்தீர்களா என்பதையும் பதிந்துவைத்திருக்கும். ஒரு எண் உதைத்தால் நீங்கள் சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். வண்டியை ஓட்டியது யார் என்பதை மாற்றிச் சொல்வது இன்னும் பெரிய ஆபத்து. கிளெய்மே மொத்தமாகப் போய்விடலாம்.

எதிர் வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி கூப்பிட்டால்? பாலிசிப்படி நீங்கள் ஒத்துழைக்க வேண்டியது உங்கள் கம்பெனியோடு. மற்றவர்களிடம் பெயர், வண்டி எண், தேதி போதும். கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியில் கை வைக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். அவர் எழுதும் முதல் மதிப்பீடே முடிவானது என்று நினைப்பதில்தான் பணம் போகிறது. வெளியே பார்த்தால் பம்பரில் ஒரு விரிசல் மட்டும் இருக்கும். கழற்றினால் ஏசி கண்டென்சர் நசுங்கியிருக்கும், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் வளைந்திருக்கும், முன்னால் போகும் வண்டியைக் கண்டறியும் ரேடார் சென்சாரின் பிடி கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சென்சாரைத் திரும்ப மாட்டினால் மட்டும் போதாது, அது சரியாக அளக்கிறதா என்று பார்த்துச் சீர்செய்யும் கேலிபரேஷனும் செய்ய வேண்டும். அது தனிச் செலவு. ஆகவே கழற்றிய நிலையிலேயே படமெடுத்து, வேலையை நிறுத்திவைத்து, சர்வேயரை மறுபடி வரச்சொல்லிக் கூடுதல் மதிப்பீடு வாங்க வேண்டும். எல்லாம் மாட்டி முடித்தபின் பில்லை மட்டும் அனுப்பினால், "நாங்கள் பார்க்கவில்லையே" என்ற ஒற்றை வரியில் கதை முடிந்துவிடும். கிளெய்ம் முடியும்வரை பழைய பாகங்களையும் தூக்கிப் போட விடாதீர்கள்.

டேஷ்கேம், அதாவது சாலையைப் படமெடுக்கும் கேமரா, காரில் வைத்திருப்பவர்கள் அன்றைக்கே அந்தக் காட்சியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மெமரி கார்டு நிறைந்ததும் அது பழையதன்மேல் புதியதைப் பதியும். விபத்தும் அதோடு அழிந்துபோகும். பக்கத்துக் கடைகளின் சிசிடிவிக்கும் இதே கதிதான்.

போனில் பேசியதை நம்பி உட்காரக் கூடாது. "அதை நாங்கள் தந்துவிடுவோம்" என்று ஒருவர் சொன்னால், பேசி முடித்த கையோடு கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள். அடுத்த வாரம் அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார்.

டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்வதே கட்டுப்படியாகாத அளவுக்குச் சேதம், என்று சொல்லி ஒரு தொகையை நீட்டினால் உடனே தலையாட்ட வேண்டியதில்லை. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாலிசியிலேயே மதிப்பு நிர்ணயித்திருந்தால் அதைத்தான் தர வேண்டும். சந்தை விலையென்றால், எந்தெந்த வண்டிகளோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். உங்களுடையது உயர்ந்த வேரியன்ட்டாக இருக்கும், அவர்கள் அடிப்படை மாடலோடு ஒப்பிட்டிருப்பார்கள். இது நடக்கிற விஷயம்தான்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரி இருந்தால், அதன்பிறகு புதிதாக எது தெரியவந்தாலும் கேட்பது மிகக் கடினம். உடல் காயம் இருந்தால், சிகிச்சை எங்கே போய் நிற்கும் என்று டாக்டர் சொல்லும்வரை அந்தத் தாளைத் தொடாதீர்கள். வண்டிக்கான தொகையையும் காயத்துக்கான தொகையையும் ஒரே தாளில் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுவதும் நஷ்டம்தான். நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, இழக்கப்போகும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) இரண்டையும் கூட்டினால் சில நேரம் ரிப்பேர் செலவே குறைவாக இருக்கும். சரி, கிளெய்ம் வேண்டாம் என்று விட்டாலும், இன்னொரு வண்டியோ ஆளோ சம்பந்தப்பட்டிருந்தால் கம்பெனிக்குத் தகவலாவது கொடுத்துவிடுங்கள். அவர் சில மாதம் கழித்து நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், "எங்களிடம் அப்போதே சொல்லவில்லையே" என்று உங்கள் கம்பெனி ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கும்.